நெல் காயும் சாலையில் நவீன கார்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டித் தஞ்சாவூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஜனவரியைச் சாலைப் பாதுகாப்பு மாதமாகக் கடைப்பிடிக்கிறோம். நம் பக்கத்தில் அது சம்பா அறுவடைக் காலமும்கூட. பொங்கல் கழிந்த கையோடு அறுவடை இயந்திரங்கள் ஊர்விட்டு ஊர் நகரும். நெல்லேற்றிய டிராக்டர்கள் கொள்முதல் நிலைய வாசலில் வரிசை கட்டும். தார்ச்சாலையின் ஒரு பாதி நெல் காயும் களமாக மாறிவிடும். அதே சாலையில்தான் ஆறு ஏர்பேக்கும் கேமராவும் ரேடாரும் வைத்த புதுக் காரும் வருகிறது. அந்தக் கார் நமக்காக என்ன செய்யும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பல்லாண்டு ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் வந்தவர்கள். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது. அந்த 8,331 பேரை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

காரின் பாதுகாப்பு ஏர்பேக்கில் தொடங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது தொடங்குவது பெல்ட்டில். இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959இல் உருவாக்கியவர், சுவீடனின் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின். காப்புரிமையை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் எல்லா நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ வழிவிட்டது. தோள், மார்பு, இடுப்பு என மூன்றிடத்தில் அது உடலைப் பிடிக்கிறது. மூன்றும் எலும்புள்ள இடங்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறிக் கிடக்கக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

மெதுவாக இழுத்தால் பெல்ட் வருகிறது, வெடுக்கென்று இழுத்தால் நின்றுவிடுகிறது, பார்த்திருப்பீர்கள். உருளைக்குள் இருக்கும் பூட்டின் வேலை அது. நவீன காரில் இதோடு இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. மோதல் தொடங்கிய கணத்தில் ஒரு சிறு வெடிமருந்து வெடித்துப் பெல்ட்டைச் சில சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்து உங்களை இருக்கையோடு ஒட்ட வைக்கிறது. அடுத்த கணம், விலா எலும்பு நொறுங்காதபடி பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து கொடுக்கிறது. பிடிப்பதும் விடுவதும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ஏர்பேக் வருவது இதற்குத் துணையாகத்தான். காரின் முன்பகுதியிலும் நடுவிலும் உள்ள உணரிகள் வேகம் திடீரென வீழ்வதை அளக்கின்றன. நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் கணினி முடிவெடுக்கிறது. அடுத்து ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நொடியில் பை முழுக்க விரிந்துவிடுகிறது. நம் கண் ஒரு முறை இமைப்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும். விரிந்த பை உடனே காற்றை வெளியே விடவும் தொடங்குகிறது. முகம் அதில் புதைந்து மெல்ல நிற்க வேண்டும் என்பதற்காக. பெல்ட் போட்ட ஆள் சரியான தூரத்தில் இருப்பார் என்று நம்பித்தான் இந்தக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. பெல்ட் போடாதவர் பிரேக் பிடித்தபோதே முன்னால் சரிந்து வந்துவிடுவார். முழு வேகத்தில் விரியும் பை அவர் முகத்தில் அறையும். டேஷ்போர்டில் கால் நீட்டிக்கொண்டு வருபவருக்கும் இதே கதிதான், முழங்கால் முகத்துக்கு வரும்.

மூன்றாவது, காரின் உடம்பு. மோதிய கார் அப்பளமாக நொறுங்கிவிட்டது, தகரம் சரியில்லை என்று சொல்லக் கேட்கிறோம். முன்பகுதி நொறுங்கத்தான் வேண்டும். சிறுவயதில் வைக்கோல் போர் மேலிருந்து குதித்திருப்பீர்கள். கீழே வைக்கோல் கிடந்தால் அமுங்கி அமுங்கி நிற்போம், சிமென்ட் களத்தில் விழுந்தால் கால் முறியும். உயரம் ஒன்றுதான், நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் வேறு. காரின் முன்பகுதி அந்த வைக்கோல். ஆள் அமரும் கூண்டு மட்டும் சிதையவே கூடாது.

நம் நாட்டுக் கார்களில் இதையெல்லாம் மோதிப் பார்த்துச் சொன்ன முதல் பெரிய சோதனை 2014 ஜனவரியில் வெளியானது. குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. ஐந்தும் ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகள், ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அவற்றுள் இரண்டு நம் மாநிலத்துத் தயாரிப்பு: மறைமலை நகரின் ஃபோர்டு ஃபிகோ, இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் ஐ10. அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய பாடம் ஃபோக்ஸ்வேகன் போலோவுடையது. அதன் கூண்டு நிலைகுலையவில்லை, ஆனாலும் உள்ளே இருந்த சோதனைப் பொம்மைகளுக்கு உயிராபத்தான அடி. அதே போலோ இரண்டு ஏர்பேக்குடன் வந்தபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. நிறுவனங்களால் செய்ய முடியும், கேட்டால்தான் செய்வார்கள் என்பது அன்று தெரிந்தது. பிறகு சட்டம் வந்தது. 2019இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக், ஓட்டுநர் ஏர்பேக், பெல்ட் போடச் சொல்லும் மணி எல்லாம் கட்டாயமாயின. 2021இல் முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமானது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனையே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு, ஐ10 செய்த அதே ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்த வெர்னா குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. நம் ஊர்த் தொழிலாளர் கையில் குறையில்லை.

குறை நம்மிடம்தான் இருக்கிறது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய பாதுகாப்பை, சில நூறு ரூபாய்ச் சாமான் வாங்கி நாமே கெடுக்கிறோம். பெல்ட் மணியை அடக்க ஒரு கொக்கி விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கம்பி, நொறுங்க வேண்டிய பகுதியை நொறுங்க விடாது. உணரியின் கணக்கையும் குழப்பும். எதிரே பைக்கில் வருபவரின் கால் எலும்பையும் முறிக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைக் கூடாதென்றது. இருக்கை ஓரத்திலிருந்து விரியும் ஏர்பேக் உள்ள காரில், அதற்கென்று தையல் விடாத ரெக்ஸின் உறையைப் போட்டு இழுத்துக் கட்டினால், பை எந்த வழியாக வெளியே வரும்?

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, உள்ளிருப்பவர் அரை மீட்டருக்குள் நின்றால், உடல் மேல் தாக்கும் விசை அவர் எடையைப் போல 20 மடங்கு. 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ கனக்கும். 200 கிலோவைக் கையில் தாங்கிப் பிடிக்கும் தாய் உலகில் இல்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம்.

பின் இருக்கைக்குப் பெல்ட் எதற்கு என்பவர்களுக்கு, 2022 செப்டம்பர் 4ஐ நினைவுபடுத்துகிறேன். மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தடுப்பில் மோதியது. உயர்ரக மெர்சிடிஸ் கார். முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். நம் கல்யாணக் கார்களில் பின் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து வருபவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா, அம்மா, அத்தை, பேரப்பிள்ளை.

இனி நம் மண்ணுக்கே உரிய சில சங்கதிகள்.

ஒன்று, ஈரக்காற்று. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் ஏர்பேக்கை விரிக்க அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தியது. ஈரமும் வெப்பமும் மாறி மாறிப் பட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வேதிப்பொருள் கெட்டு, விரிக்க வேண்டிய நேரத்தில் உலோகக் குடுவையோடு வெடித்துச் சிதறும். உலகெங்கும் சுமார் 10 கோடி கருவிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. வெக்கையும் ஈரமும் உள்ள பகுதிகளுக்குத்தான் மாற்றித் தருவதில் முதலிடம் தந்தார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் பழைய கார்களை அழைத்து இலவசமாக மாற்றித் தந்தன. பழைய கார் வாங்குபவர்கள் சேசிஸ் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்து, மாற்ற வேண்டியது ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று எலி. அறுப்பு முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், கொட்டகையில் நிற்கும் கார் அவற்றுக்கு நல்ல இடம். உணரிகளுக்குப் போகும் ஒயரைக் கடித்துவிட்டால் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். அது எரியும் வரை, மோதினாலும் பை விரியாமல் போகலாம். வண்டிதான் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சாலையில் காயும் நெல். இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எதிரே பஸ் வருகிறது, நீங்கள் இடப்பக்கம் ஒதுங்குகிறீர்கள். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் நெல்லின் மேல், வலப்பக்கச் சக்கரங்கள் தாரின் மேல். இப்போது பிரேக்கை மிதித்தால் தார் பிடிக்கும், நெல் வழுக்கும். பழைய கார் வலப்பக்கம் இழுபட்டு, சுழன்று, பஸ்ஸுக்கு நேரே போய்விடும். ஏபிஎஸ் உள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் உணரி இருக்கிறது. எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறதோ அதன் பிரேக்கை மட்டும் நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அதற்கு மேல் ஈஎஸ்சி என்ற நிலைகாப்பு அமைப்பு இருந்தால், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று நொடிக்கு 25 முறை ஒப்பிட்டு, விலகினால் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நேராக்குகிறது. பாரத் என்கேப்பில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இது இருந்தாக வேண்டும். காவிரி டெல்டாவில் கார் வாங்குபவர் சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் ஈஎஸ்சி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பலரும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, அழுத்தி மிதித்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: நெல், சரளை போன்ற உதிரித் தரையில் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டவும் கூடும். அது தருவது திருப்பும் திறனை. நெல்லைக் கண்டால் வேகத்தைக் குறைப்பது உங்கள் கால் செய்ய வேண்டிய வேலை.

இப்போது அடாஸ் என்று எல்லோரும் பேசும் ஓட்டுநர் உதவி அமைப்புக்கு வருகிறேன். 2021இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற கார்களால் இது நடுத்தர வர்க்கம் வரை வந்தது. அந்தக் காரை உருவாக்கியதில் செங்கல்பட்டுப் பக்கத்து ஆய்வு மையத்துக்குப் பெரும் பங்கு. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் கிரில்லில் ஒரு ரேடார். கேமரா கோடுகளையும் ஆட்களையும் அடையாளம் காண்கிறது. ரேடார் முன்னால் போகும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. இடைவெளி விட்டுத் தானே வேகம் கூட்டிக் குறைப்பது, கோடு தாண்டினால் ஸ்டீயரிங்கை இழுப்பது (கோட்டுக்காவல்), மோதப்போனால் தானே பிரேக் போடுவது எல்லாம் இவற்றின் வேலை. 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் நான்குவழிச் சாலை திறக்கப்பட்டது. கோடு போட்ட, நடுத்தடுப்பு உள்ள அப்படிப்பட்ட சாலையில் இந்த அமைப்பு நன்றாகவே உழைக்கும்.

அங்கிருந்து இறங்கி வெண்ணாற்றங்கரைச் சாலைக்குள் நுழைந்தால் கதை வேறு. கோடு இல்லை, இருக்கும் கோட்டை நெல் மூடியிருக்கிறது. நெல்லுக்கு ஒதுங்கி நீங்கள் வலப்பக்கம் ஏறும்போது, இண்டிகேட்டர் போடாவிட்டால் கோட்டுக்காவல் உங்களைத் திரும்ப நெல்லின் பக்கமே இழுக்கும். கிராமச் சாலையில் அதை அணைத்துவிடுங்கள். தானியங்கி பிரேக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். அதே சமயம் அதையே நம்பியும் இராதீர்கள். விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் சாலையோரம் நிற்கும் நெல் லாரியை, வேகமாகப் போகும்போது பல ரேடார்கள் பாலத்தையோ பலகையையோ போல அசையாப் பொருளாக எண்ணிப் புறக்கணித்துவிடும். மார்கழி, தை மாதப் பனிமூட்டத்தில் கேமரா ஒன்றும் தெரியவில்லை என்று திரையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பனியைப் போலவே இருட்டும் ஒரு சிக்கல். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்து வரும் பக்தர் கூட்டம் சாலையோரம் நெடுக இருக்கும். ஆளைக் கண்டு தானே நிற்கும் கார்களை அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019இல் சோதித்தது. இருட்டில் அந்த ஏற்பாடு பயனற்றுப் போனது என்றே அது அறிவித்தது. பின்னர் வந்த அமைப்புகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் நம் பக்தர்களின் உயிரை அந்த மேம்பாட்டை நம்பிப் பணயம் வைக்க முடியாது. 2022இல் நாட்டில் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் 74,897 பேர், நடந்து சென்றவர்கள் 32,825 பேர். காருக்குள் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். அவர்களுக்கு ஏர்பேக் கிடையாது. உங்கள் வேகம் ஒன்றே அவர்களுக்குப் பாதுகாப்பு.

சொகுசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். களைக்காத ஓட்டுநர் பாதுகாப்பான ஓட்டுநர், அதனால் குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் வெளிக்காற்றை அடைத்துவிட்டு ஐந்தாறு பேர் மணிக்கணக்கில் பயணம் செய்தால் உள்ளே கரியமில வாயு கூடி, தூக்கம் தானாக வரும். அவ்வப்போது வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கண்ணாடி உள்ளே பனித்தால் ஏசியைப் போட்டு வெளிக்காற்றையும் திறந்தால் ஈரம் விலகும். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களும் பார்க்க வாடகைக் கார் எடுக்கிறவர்கள் ஓட்டுநர் முந்தின இரவு தூங்கினாரா என்று கேளுங்கள். திரையில் ஓய்வெடுக்கச் சொல்லும் காப்பிக் கோப்பைப் படம் வந்தால், அதற்கு மரியாதை கொடுத்து வண்டியை ஓரங்கட்டுங்கள்.

இங்கே என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. “ஆத்துக்குள்ள கார் விழுந்தா, பெல்ட் போட்டிருந்தா மாட்டிக்க மாட்டோமா ஐயா?” ஜூனில் மேட்டூர் அணை திறந்து கல்லணை வழியாகத் தண்ணீர் வந்துவிட்டால், புது ஆறும் குடமுருட்டியும் கரை தொட்டு ஓடும், தடுப்பில்லாத கரைச் சாலைகளில் போகிறவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. பதில் நேர்மாறானது. கார் சரிவில் உருளும்போது பெல்ட் போடாதவர் தலையில் அடிபட்டு நினைவிழப்பார். நினைவில்லாதவர் எப்படி வெளியே வருவார்? பெல்ட் போட்டவர் நினைவோடு இருப்பார். விழுந்ததும் பெல்ட்டைக் கழற்றுங்கள், கதவோடு போராடாமல் உடனே கண்ணாடியை இறக்குங்கள். தண்ணீர் கதவை அழுத்தும், ஆனால் முதல் ஒரு நிமிடம் பெரும்பாலும் மின் கண்ணாடி வேலை செய்யும். இறங்காவிட்டால் தலைசாய்ப்பைக் கழற்றி அதன் கம்பி முனையால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் குத்துங்கள். முன் கண்ணாடி ஒட்டுக் கண்ணாடி, எளிதில் உடைந்து வழிவிடாது. பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளுங்கள்.

விபத்தென்று ஒன்று நடந்துவிட்டால், 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்காதீர்கள்.

நிறைவாக விவசாயிகளிடம் ஒரு வார்த்தை. சாலையில் நெல் காயவைப்பதை நான் குற்றமாகப் பேசமாட்டேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் தடுமாற்றம். காயவைக்க ஊரில் களமில்லை. மேகம் வேறு கருக்கிறது. அந்த நிலையில் தார்ச்சாலையை விட்டால் வேறு வழி என்ன இருக்கிறது? இதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையம் இருக்கும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிமென்ட் உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் அமைத்துத் தாருங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். களம் கட்டுவதும் சாலைப் பாதுகாப்புச் செலவுதான், அந்தக் கணக்கிலேயே அதை எழுதலாம். அது வரும்வரை, நெல்லைச் சுற்றிக் கல் வைக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் குவித்து ஓரங்கட்டிவிடுங்கள். டிராக்டர் டிரெய்லரின் பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள்.

கார் வைத்திருப்பவர்களே, இன்று வீட்டுக்குப் போகும்போது பின் இருக்கையில் உட்காருகிறவர்களுக்கும் பெல்ட்டைத் தேடி எடுத்துக் கொடுங்கள். உறைக்கடியில் புதைந்து கிடந்தால் உறையைக் கிழித்தாவது எடுங்கள்.